மலச் சோதனையும் குடல் அழற்சியும்: காந்திகிராமத்து ஆய்வக நினைவுகள்

கிருமியாலோ, உட்கொண்ட மருந்தாலோ, உடலின் தற்காப்பு ஆற்றல் தன் திசுக்களையே தாக்குவதாலோ குடலின் உட்சுவரில் வீக்கமும் புண்ணும் தோன்றும் நிலையை மருத்துவ நூல்கள் குடல் அழற்சி என்று வழங்குகின்றன. அந்நிலையில் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் திரளாகக் குடற்சுவரைக் கடந்து உணவுப்பாதைக்குள் இறங்கி மலத்தோடு கலந்துவிடுவதால், உடம்பைக் கீறாமலும் உள்ளே குழாய் எதையும் செலுத்தாமலும் அழற்சியை அறிந்துகொள்ள உதவும் பொருளாக மலம் அமைகிறது. இரத்தத்தையும் சிறுநீரையும் தயங்காமல் கொடுக்கும் மக்கள் மலத்தைக் கொடுக்க மட்டும் கூசுவதும், கொடுத்ததை ஆய்வகங்களே விரைவில் பார்த்துத் தள்ளிவிட விரும்புவதும் தமிழ்நாட்டில் நெடுநாளாக இருந்துவரும் நிலைமையாகும். அக்கூச்சத்தால் விளைந்த இழப்பு எத்தகையது என்பதைத் திண்டுக்கல் சமவெளியில் ஒரு சிறு ஆய்வகம் கண்டவற்றைக்கொண்டு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், அம்பாத்துரை ரயில் நிலையத்தை அடுத்து, சிறுமலையின் அடிவாரத்தை நோக்கி அமைந்துள்ள காந்திகிராமம், டாக்டர் டி. எஸ். சௌந்திரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய கிராமப்பணியின் விளைவாக உருவான ஊராகும். தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகப் பிறந்து, தில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்ற சௌந்திரம், இங்குக் கஸ்தூர்பாவின் பெயரால் மருத்துவமனையை வளர்த்தார். 1956இல் கிராமியக் கல்வி நிறுவனமும், 1964இல் ஊரக நலவாழ்வுக்கும் குடும்பநலத்துக்குமான பயிற்சி நிறுவனமும் அமைந்தன. அக்கல்வி நிறுவனத்திலிருந்து பின்னர் உருவான கிராமியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார ஆய்வாளர் படிப்பு தமிழகம் முழுவதிலும் அறியப்பட்டது. காந்தியடிகளே 1918 ஆகஸ்டில் குஜராத்தின் நடியாத்தில் கடும் சீதபேதியால் சாவின் விளிம்பு வரை சென்று திரும்பியதைத் தம் தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அதன்பின் உடல் தேறாமல் கிடந்த அவரை ஆட்டுப்பால் அருந்த இசைய வைத்தவர் கஸ்தூர்பாவே ஆவார். கழிப்பிடத்தையும் மலத்தையும் பற்றி நாணமின்றிப் பேசலாம் என்னும் பழக்கம் இவ்வூரின் தொடக்கத்திலேயே கலந்திருந்தது என்று சொல்லலாம். ஆயினும் சுற்றியுள்ள சிற்றூர்களின் வீடுகளுக்குள் அப்பழக்கம் எளிதில் நுழைந்துவிடவில்லை.

இக்கட்டுரையாசிரியர் லேப் டெக்னீஷியனாகப் பணியாற்றிய ஆய்வகம் காந்திகிராமத்திற்கும் சின்னாளப்பட்டிக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமான 1985ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அங்கு ஒரு மேசையும், சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி மேலனுப்பும் ஒற்றைக்குழல் நுண்ணோக்கியும், கையால் சுழற்றும் மையவிலக்கியும், வண்ணக் கரைசல்கள் நிறைந்த சிறு புட்டிகளும் மட்டுமே இருந்தன. சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்ப்போரும், நூற்பாலைத் தொழிலாளரும், திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குச் செல்வோரும், ஆத்தூர்ப் பக்கத்து உழவரும் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்தனர். மலத்திற்கென்று தனி டப்பா கொடுக்கும் வழக்கம் பரவாத அந்நாளில், அது தீப்பெட்டியிலும், வாழையிலைத் துண்டிலும், கழுவாத ஹார்லிக்ஸ் புட்டியிலும், சில வேளை பிள்ளையின் மருந்துப் புட்டி மூடியிலும் வந்து சேர்ந்தது. முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, கூடத்தில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து மேசையோரம் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் பெண்கள் பலர். பெயர் கேட்டால் மகளின் பெயரைச் சொல்லி, பிறகு மெல்ல, "எனக்குத்தான் தம்பி" என்று திருத்திக்கொண்டோரும் உண்டு. தீப்பெட்டியின் அட்டை ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் அதில் வந்த மாதிரியில் உயிரணுக்கள் சுருங்கிச் சிதைந்திருக்கும். மண்ணில் விழுந்ததை எடுத்துவந்தால் மண்ணில் வாழும் புழுக்கள் நோய்ப்புழுக்களைப் போலத் தோன்றும். சிறுநீர் கலந்தால் அமீபாக்கள் மடிந்துவிடும். ஆகவே ஆய்வின் தரம் ஆய்வகத்தில் அன்று, வீட்டின் கொல்லைப்புறத்திலேயே தீர்மானமாயிற்று.

மாதிரியைப் பார்க்கும் முறை எளிது. அதற்கு வேண்டிய பொறுமை எளிதன்று. முதலில் நிறம், இறுக்கம், சளி, இரத்தம் ஆகியன வெறுங்கண்ணால் குறிக்கப்படும். பிறகு சளியோ இரத்தமோ உள்ள இடத்திலிருந்து ஈர்க்குச்சி நுனியளவு எடுத்து, கண்ணாடித் தகட்டின் ஒரு பக்கத்தில் உப்புநீர்த் துளியிலும் மறுபக்கத்தில் அயோடின் துளியிலும் குழைத்து, மெல்லிய மூடுகண்ணாடி இட்டு நோக்க வேண்டும். உயிருள்ளவற்றின் அசைவை உப்புநீரிலும், அமீபா உறைக்குள் அடங்கிக் கிடக்கும் நிலையான சிஸ்டின் உட்கருக்களை அயோடினிலும் காணலாம். வெதுவெதுப்பாக வந்த சீதத்தில், ஆட்டம் அடங்கிய பலவகை அணுக்களுக்கிடையே, பளிங்கு போன்ற ஒரு விளிம்பு திடீரென ஒரு பக்கம் நீண்டு, உடல் முழுவதும் அதற்குள் ஒழுகிச் செல்ல, விழுங்கிய சிவப்பணுக்கள் உள்ளே உருளுவதைக் கண்டவர்கள் அக்காட்சியை மறப்பதில்லை. சீதபேதிக்குக் காரணமான எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகா அதுவே. மாதிரி ஆறிவிட்டால் அந்த அசைவு நின்றுவிடும்; அரைமணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்ற விதி அதனால் ஏற்பட்டது. வத்தலக்குண்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேரும் தீப்பெட்டிக்கு அவ்விதி பொருந்தியதே இல்லை.

அழற்சிக்கு நேரான சான்றாக அந்நாளில் இருந்தது சீழணு எண்ணிக்கையாகும். சீழணு எனப்படுவது நோய் நிகழும் இடத்துக்கு ஓடிவந்து மடிந்த வெள்ளணுவே. பெரும்பாலும் அது நியூட்ரோஃபில் என்னும் வகையைச் சேர்ந்தது. பெரிதாக்கிக் காட்டும் வில்லையின் ஒரு வட்டப் பார்வைக்குள் எத்தனை சீழணுக்கள் தென்படுகின்றன என்று எண்ணி, "5 முதல் 8", "20க்கு மேல்", "நிறைய" என்று ரிப்போர்ட்டில் எழுதுவது வழக்கம். ஷிகெல்லா முதலிய பாக்டீரியாக்களால் வரும் சீதபேதியில் சீழணுக்கள் குவியலாகக் கிடக்கும். அமீபாவோ தன்னை நெருங்கும் வெள்ளணுக்களையே அழித்துவிடுவதால் அமீபா சீதபேதியில் அவை குறைவாகவே தென்படும். இவ்வேறுபாட்டை அறிந்த டெக்னீஷியனின் ஒரு வரி, நோயாளிக்கு எந்த மருந்து வேண்டும் என்பதையே மாற்றிவிடக் கூடியது. ஆனால் சீழணு விரைவில் சிதையும் பொருள். காலையில் எடுத்து நண்பகலில் வந்த மாதிரியில் அது இல்லை என்றால், குடலில் அழற்சி இல்லை என்று பொருளாகாது.

இம்முறையின் குறைபாடு எத்தகைய துன்பத்தைத் தரும் என்பதற்கு வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலைபார்த்த இளைஞர் ஒருவரின் நிலையைக் குறிப்பிட வேண்டும். மாதக்கணக்கில் இரத்தமும் சீதமுமாகப் போய்க்கொண்டிருந்த அவர், வேறு வேறு இடங்களில் செய்த சோதனைகளின் தாள்களை ஒரு துணிப்பையில் அடுக்கி வைத்திருந்தார். ஏறத்தாழ எல்லாவற்றிலும் அமீபா உண்டு என்றே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுக்கப்பட்டு, சில நாள் தணிந்ததுபோல் தோன்றி, மறுபடியும் தொடங்கியிருந்தது. "இந்த அமீபா சாகவே சாகாதா சார்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு விடை அந்தத் தாள்களில் இல்லை. அழற்சியுள்ள குடலில் மாக்ரோஃபேஜ் எனப்படும் பெரிய விழுங்கணுக்களும் சிவப்பணுக்களை விழுங்கிக்கொண்டு கிடப்பதுண்டு. அசைவற்ற நிலையில் அவற்றுக்கும் அமீபாவுக்கும் வேறுபாடு காண்பது பழகிய கண்ணுக்கும் கடினம். அதற்கும் மேலாக, ஹிஸ்டாலிட்டிகாவைப் போலவே தோன்றும், ஆனால் நோய் எதையும் உண்டாக்காத எண்டமீபா டிஸ்பார் என்னும் வேறோர் இனம் பலருடைய குடலில் சும்மா வாழ்கிறது என்பது 1925இலேயே முன்மொழியப்பட்டும், 1993இல்தான் அறிவுலகால் உறுதியாக ஏற்கப்பட்டது. அதற்கு முன்பும், வருந்தத்தக்க வகையில் அதற்குப் பின்பும், சிஸ்டைக் கண்டவுடன் அமீபா நோய் என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் எண்ணில் அடங்கா. மதுரையில் கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்த பின்னரே அவருக்கு இருந்தது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனத் தெரிந்தது. பெருங்குடலின் உட்சவ்வை உடலின் தற்காப்பு முறையே நெடுங்காலம் புண்ணாக்கும் நோய் அது. மேலைநாட்டு நோய் என்று கருதப்பட்ட இந்நோய் 1 இலட்சம் பேரில் 44 பேருக்கு இருப்பதாகப் பஞ்சாபில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு காட்டியபின், இந்திய மருத்துவர்களின் கணிப்பு மாறத் தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியாமல் மலத்தில் கலந்து போகும் இரத்தத்தைக் கண்டறிய அக்காலத்தில் பென்சிடின் என்னும் வேதிப்பொருளே பயன்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு உடனிருக்கும்போது இரத்தத்திலுள்ள ஹீம் என்னும் நிறப்பொருள் அதை நீலமாக்கும். அதே பொருள் சிறுநீர்ப்பையில் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பது தெரிந்த பின்னும் பல ஊர்களின் அலமாரிகளிலிருந்து அதன் புட்டி உடனே அகற்றப்படவில்லை என்பதை இங்குப் பதிவு செய்தாக வேண்டும். கையுறையின்றி அதைக் கரைத்தோர் பலர். முதல்நாள் உண்ட ஆட்டிறைச்சியும் முள்ளங்கியும்கூட இத்தகைய சோதனையைத் தவறாக நீலமாக்கக்கூடும் என்பதால், அதன் முடிவும் அழற்சியைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லிவிடவில்லை.

இந்நிலையை மாற்றிய கண்டுபிடிப்பு நார்வே நாட்டிலிருந்து வந்தது. மாக்னே ஃபாகெர்ஹால் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980இல் நியூட்ரோஃபில் அணுக்களிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம், பின்னர்க் கால்புரோடெக்டின் என்னும் பெயர் பெற்றது. நியூட்ரோஃபிலின் அணுச்சாற்றில் கரைந்துள்ள புரதங்களில் பாதிக்கு மேல் இதுவே. துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கவர்ந்துகொண்டு கிருமிகளுக்கு அவை கிடைக்காமல் செய்வது இதன் வேலை. மலத்திலிருந்து இதை அளக்கும் முறையை 1992இல் அந்நாட்டு ஆய்வாளர்களே வெளியிட்டனர். இதன் சிறப்பு யாதெனில், அணு சிதைந்து மறைந்த பின்னும் அதனுள் இருந்த இப்புரதம் குடற்பாக்டீரியாக்களின் செரிமானத்துக்கு எளிதில் இரையாகாமல் மலத்தில் நிலைத்து நிற்கிறது. பத்தாயம் எரிந்த பின்னும் அதில் இருந்த நெல் எவ்வளவு என்று சாம்பலைக்கொண்டு கணக்கிடுவதைப் போன்றது இது. தீப்பெட்டியில் வந்து சீழணுக்களை இழந்த அன்றைய மாதிரிகள் சொல்லாமல் விட்டதை இப்புரதம் சொல்லக்கூடும் என்பதே, நுண்ணோக்கியோடு வாழ்ந்த தலைமுறைக்கு இது தந்த வியப்பு.

அளக்கும் முறை எலைசா எனப்படும் எதிர்ப்பொருள் வினையை அடிப்படையாகக் கொண்டது. 100 மில்லிகிராம் அளவு மலம் நுண்தராசில் நிறுக்கப்பட்டு, அதைப்போல் ஐம்பது மடங்கு கரைப்பானில் நன்கு குலுக்கப்பட்டு, மையவிலக்கியில் சுழற்றப்பட்டபின், மேலே தெளிந்து நிற்கும் நீர் சிறு குழிகள் கொண்ட தட்டில் இடப்படும். குழியின் அடியில் பூசப்பட்டுள்ள எதிர்ப்பொருள் கால்புரோடெக்டினை மட்டும் பிடித்துக்கொள்ள, மற்றவை கழுவி அகற்றப்படும். பிறகு சேர்க்கப்படும் நொதியும் நிறப்பொருளும் நீலமாகி, அமிலம் சேர்ந்ததும் மஞ்சளாக மாற, அம்மஞ்சளின் அடர்த்தியைக் கருவி எண்ணாக்கித் தரும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் இயல்பு என்றும், 250ஐத் தாண்டினால் அழற்சி மும்முரமாக இருக்கக்கூடும் என்றும், இடைப்பட்டது சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கப்பட வேண்டியது என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. லாக்டோஃபெரின் என்னும் மற்றொரு நியூட்ரோஃபில் புரதமும் இதே நோக்கத்துக்கு அளக்கப்படுவதுண்டு. பிரிட்டனின் நைஸ் என்னும் நலவாழ்வு நெறிமுறை அமைப்பு 2013இல், குடலில் புண் எதுவும் இன்றி வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் தரும் ஐ.பி.எஸ். என்னும் தொல்லையை அழற்சி நோயிலிருந்து பிரித்தறிய இச்சோதனையைப் பரிந்துரைத்தது.

இச்சோதனை வழக்கத்துக்கு வந்தபோதும் காந்திகிராமத்துச் சிறு ஆய்வகத்தில் எலைசாக் கருவி இருக்கவில்லை. மாதிரி குளிர்ப்பெட்டியில் மதுரைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து பெரும்பாலும் சென்னைக்குச் சென்றது. இப்புரதம் அறைவெப்பத்தில் சில நாள் தாங்கும் என்று குறிப்பேடுகள் கூறினாலும், அவ்வறை நார்வே நாட்டு ஆஸ்லோவின் அறை. திண்டுக்கல்லின் சித்திரை வெயிலில் பனிக்கட்டிப் பை இல்லாமல் அனுப்பப்பட்டதை நம்ப முடியாது. கட்டணமும் அப்போது ஆயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. நுண்ணோக்கிச் சோதனைக்கு ஆகும் சிறு தொகையையே முடிச்சவிழ்த்து எண்ணிக் கொடுக்கும் மக்களிடம் இத்தொகையைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

எண் வந்துவிட்டால் நோயும் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் ஓர் அம்மையாரின் ரிப்போர்ட் கற்பித்தது. இரத்தச்சோகையும் வயிற்றுவலியுமாக இருந்த அவருக்குக் கால்புரோடெக்டின் 300ஐத் தாண்டி வந்தபோது, குடலின் அழற்சி நோய்தான் என்று வீட்டார் அஞ்சினர். மாதிரிச் சீட்டில் 'உட்கொள்ளும் மருந்துகள்' என்ற கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டு கேட்டதற்கு, "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, மூட்டுவலிக்கு மட்டும் கடையில வாங்குற மாத்திரை, அதப் போடலேன்னா விடியக்காலம் குனிஞ்சு பூப்பறிக்க முடியாதுல்ல" என்று அவர் சொன்னார். டைக்ளோஃபினாக் முதலிய வலிநீக்கி மாத்திரைகள் சிறுகுடலின் சுவரைப் புண்ணாக்கி இவ்வெண்ணை உயர்த்தும் என்பது நன்கறியப்பட்டதே; வாயுவுக்கென்று நாள்தோறும் விழுங்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளும் ஓரளவு உயர்த்தக்கூடும். மருத்துவர் அம்மாத்திரையை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது எண் இயல்பை நெருங்கிவிட்டது. மருந்து என்று மக்கள் கருதாதவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதும் பழக்கம் அதன்பின் அவ்வாய்வகத்தில் நிலைபெற்றது. எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது.

நம் நாட்டில் இவ்வெண்ணைப் படிப்பதில் மற்றொரு தடையும் உண்டு. குடலைத் தாக்கும் காசநோயும், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றக்கூடிய கிரோன் நோயும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தையே பெரிதும் நாடுவதாலும், இரண்டிலும் காய்ச்சலும் எடைக்குறைவும் வயிற்றுவலியும் ஒத்திருப்பதாலும், இரண்டிலுமே கால்புரோடெக்டின் உயர்வதாலும், எண்ணைக்கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. பிரிக்காமல் மருத்துவம் செய்வதோ ஆபத்து. கிரோன் நோய்க்காகத் தற்காப்பு ஆற்றலை அடக்கும் மருந்தைக் காசநோயாளிக்குக் கொடுத்தால் காசநோய் உடலெங்கும் பரவும். ஆகவே கொலோனோஸ்கோப்பியும் திசு ஆய்வும் இங்குத் தவிர்க்க முடியாதவை. நார்வேயிலும் பிரிட்டனிலும் இவ்வெண்ணுக்கு உள்ள பொருள் திண்டுக்கல்லில் அப்படியே செல்லாது. இங்கு உயர்ந்த எண்ணைவிடத் தாழ்ந்த எண்ணே அதிகம் பயன்தருவது என்பது இக்கட்டுரையாசிரியரின் முடிபு. கல்லூரிப் பெண்ணோ கடைக்காரரோ பல ஆண்டு வயிற்றுவலியோடு வந்து, இரத்தப்போக்கும் எடைக்குறைவும் இல்லாமல், எண்ணும் 50க்குக் கீழ் இருந்தால், குழாய்ச் சோதனையின் செலவிலிருந்தும் அச்சத்திலிருந்தும் அவரை விடுவிக்கலாம்.

நோய் என்று யாரும் சொல்லாத அழற்சியும் உண்டு என்பதைத் தமிழ்நாட்டிலேயே கண்டறிந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் கொள்ளைநோயாகப் பரவிய, உணவு குடலில் உறிஞ்சப்படாமல் போகும் ஸ்ப்ரூ நோயை அங்கு செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் ஆராய்ந்தபோது, நோயற்றவராகத் தோன்றிய ஊராரிடமும் சிறுகுடலின் உட்சவ்வு மாறுபட்டிருப்பதைக் கண்டனர். பல பத்தாண்டுகளுக்குப் பின், எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் என்னும் குழந்தைகள் ஆய்வில் வேலூரும் ஓர் இடமாக இருந்தது. குழந்தைகளின் மலத்தில் மையலோபெராக்சிடேஸ், நியோப்டெரின், ஆல்ஃபா-1-ஆன்டிட்ரிப்சின் என்னும் மூன்று அழற்சிக் குறியீடுகளை அளந்த அவ்வாய்வு, அவை மிகுந்திருந்த குழந்தைகள் அடுத்த ஆறு மாதங்களில் குறைந்திருந்த குழந்தைகளைவிட ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்ததை 2013இல் வெளியிட்டது. பேதி இல்லாத, காய்ச்சல் இல்லாத, விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் குடல், அசுத்தமான நீராலும் மண்ணாலும் ஓயாமல் அழன்று வளர்ச்சியைத் தின்றுவிடுகிறது என்றால், காந்திகிராமத்தில் சௌந்திரம் அம்மையார் மருத்துவமனையை அமைத்தபோது கிணற்றையும் கழிப்பிடத்தையும் அதிலிருந்து பிரித்துப் பார்க்காதது எவ்வளவு சரியானது என்பது விளங்கும்.

ஊரக மருத்துவமனைகளில் நுண்ணோக்கிச் சோதனையை ஒழுங்காகச் செய்யப் பயிற்சியும் நேரமும் கொடுக்கப்பட வேண்டும் என்பதும், கால்புரோடெக்டின் சோதனை மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவிலாவது கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் அரசிடம் கேட்கத்தக்கவை. வாசகரிடம் கேட்பது இதனினும் சிறிது. மலத்தில் இரத்தமோ சீதமோ சில வாரங்களாகத் தொடர்ந்தால் கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். சோதனைக்கு எழுதித் தந்தால், காலையின் முதல் மலத்தைச் சிறுநீரும் நீரும் படாமல், ஆய்வகம் தரும் மூடியுள்ள உலர்ந்த டப்பாவில் எடுத்து, நுண்ணோக்கிச் சோதனையாயின் அரைமணி நேரத்துக்குள்ளும், கால்புரோடெக்டினாயின் குளிர்ச்சியில் வைத்து அன்றைக்கே தாமதமின்றியும் சேர்க்க வேண்டும். வலிக்கும் வாயுவுக்கும் விழுங்கும் மாத்திரைகளின் அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.